பேட்டரி இம்பாக்ட் டிரைவர் வாங்கப் போகிறீர்களா?

மளிகை, மண்டி, ஹார்டுவேர், பாத்திரக்கடை என்று பல தொழில்களில் உள்ள நமது உறுப்பினர்கள் அண்மைக் காலமாக ஒரு சாமானைப் பற்றி அடிக்கடி விசாரிக்கின்றனர். ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் டிரைவர்தான் அது. கடைக்கு ரேக் மாட்ட வந்த பிட்டர் கையில் அதைப் பார்த்திருப்பார்கள். ஸ்பேனரை வைத்து ஒரு ஆள் அரை நாள் மல்லுக்கட்டும் வேலையை அது 'டர்ர்' என்ற சத்தத்துடன் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. 2012-ஆம் ஆண்டில் நாளெல்லாம் மின்வெட்டில் தவித்த நமக்குக் கரண்ட் இல்லாமல் ஓடும் எந்த மிஷினைக் கண்டாலும் ஒரு ஆசை வருவது இயற்கையே. "நாமே ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் எதை வாங்குவது என்று தெரியாமல் பணத்தைப் போட்டால் மிஷின் பரணில் கிடக்கும். அதைவிட மோசமாக, அதே மிஷினால் கிட்டங்கிக் கூரை ஒழுகி மூட்டைகள் நனையும். கூரை எப்படி ஒழுகும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் போய் "இம்பாக்ட் மிஷின் கொடுங்கள்" என்று கேட்டால் மூன்று வெவ்வேறு சாமான்களில் எதை வேண்டுமானாலும் எடுத்து வைப்பார்கள். சுவரில் துளை போடும் இம்பாக்ட் டிரில் ஒன்று. அது பிட்டை முன்னும் பின்னுமாகத் தட்டிக்கொண்டே சுற்றும். செங்கல், சிமெண்டுக்கு ஏற்றது. ஸ்குரூவையும் சிறிய போல்ட்டையும் முடுக்கும் இம்பாக்ட் டிரைவர் இரண்டாவது. அது முன்னும் பின்னும் தட்டுவதில்லை, சுற்றும் திசையிலேயே தட்டும். அதைக்கொண்டு சுவரில் துளை போட நினைப்பது சல்லடையில் தண்ணீர் மொள்வது போலத்தான். மூன்றாவது இம்பாக்ட் ரெஞ்ச். லாரி சக்கரத்து நட்டு, பெரிய கட்டுமான போல்ட் இவற்றுக்கானது; அதன் முனை சதுரமாக இருக்கும். டிரைவரின் முனையில் கால் அங்குல அறுகோணத் துளை இருக்கும்.

பெட்டியின் மேல் உள்ள எழுத்துக்களைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். பாஷ் நிறுவனத்தின் பெட்டியில் ஜி.எஸ்.பி. என்று தொடங்கினால் இம்பாக்ட் டிரில், ஜி.டி.ஆர். என்றால் இம்பாக்ட் டிரைவர், ஜி.டி.எஸ். என்றால் ரெஞ்ச், ஜி.எஸ்.ஆர். என்றால் தட்டாமல் சுற்ற மட்டும் செய்யும் டிரில் டிரைவர். மக்கிட்டாவில் டி.டி.டி. என்பது இம்பாக்ட் டிரைவர், டி.டி.டபிள்யூ. ரெஞ்ச், டி.எச்.பி. சுவர் துளைக்கும் டிரில், டி.டி.எஃப். சாதாரண டிரில் டிரைவர். இந்த எழுத்துக்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். வாங்கி வந்த பிறகு "நான் கேட்டது இதுவல்ல" என்று அலைவதைவிட அது மேல்.

இனி அது வேலை செய்யும் விதம். உள்ளே மோட்டாருக்கு முன்னால் சுத்தியல் போன்ற ஒரு இரும்புக் கட்டையும், பிட்டைப் பிடித்திருக்கும் ஒரு சிறு பட்டடையும், இரண்டையும் சேர்த்து அழுத்தும் ஒரு ஸ்பிரிங்கும் உள்ளன. ஸ்குரூ இலகுவாக இறங்கும் வரை எல்லாம் ஒன்றாகவே சுற்றும். ஸ்குரூ இறுகத் தொடங்கியதும் பட்டடை நின்றுவிடும். சுத்தியல் ஸ்பிரிங்கை நெட்டிக்கொண்டு பின்வாங்கி, பட்டடையின் காதைத் தாண்டிக் குதித்து மீண்டும் வந்து மோதும். இப்படி நிமிடத்துக்கு 3,000-க்கும் மேற்பட்ட தட்டுகள். நாம் கேட்கும் 'டர்ர்' சத்தம் அதுதான். விசை முழுவதும் மோதலாகப் போவதால் கைமணிக்கட்டு முறுக்கிக்கொள்வதில்லை. ஏணியின் மேல் ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை செய்பவருக்கு இதன் அருமை தெரியும். சாதாரண டிரில் டிரைவர் ஸ்குரூ இறுகும் நேரத்தில் கையைத் திருப்பிவிடும்.

ஆனால் அதிலேயே ஒரு வில்லங்கமும் இருக்கிறது. டிரில் டிரைவரின் கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும். அதைக் குறைந்த எண்ணில் வைத்தால் ஸ்குரூ இறுகியதும் 'கிரிக் கிரிக்' என்று நழுவி நின்றுவிடும். இம்பாக்ட் டிரைவரில் அந்த வளையம் கிடையாது. விசையை அழுத்தியிருக்கும் விரல் எடுக்கும் வரை அது தட்டிக்கொண்டே இருக்கும்.

விற்பனையாளர்கள் பெருமையாகச் சொல்லுவது டார்க் எனப்படும் திருகு விசையின் எண்ணை. மக்கிட்டாவின் டி.டி.டி. 152 மாடலுக்கு 165 நியூட்டன் மீட்டர், டி.டி.டி. 153 மாடலுக்கு 170 என்று நிறுவனமே அறிவித்துள்ளது. எண் கூடினால் மிஷின் உசத்தி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நமக்கு வேண்டியது எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மளிகைக்கடையில் ஓட்டை போட்ட ஆங்கிள் சட்டங்களால் ஆன ரேக்கை நட்டு போல்ட் போட்டுத்தான் நிறுத்துகிறோம். சாதாரணத் தரத்து 8 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். 165-ஐ வைத்துக்கொண்டு அதை முடுக்கினால் ஒரு நொடி கூடினாலும் மரை கழன்றுவிடும், அல்லது போல்ட் அறுந்துவிடும். அறுந்தால் நல்லது, கண்ணுக்குத் தெரியும். பாதி இழுபட்டு நிற்கும் போல்ட்தான் ஆபத்து. எண்ணெய் டின்களை அடுக்கிய ரேக் ஒரு நாள் சாயும்போதுதான் அது தெரியவரும்.

மேற்சொன்ன இரண்டு மாடல்களுக்கும் விசையில் வித்தியாசம் 5 தான். உண்மையான வேறுபாடு மோட்டாரில் இருக்கிறது. 152-இல் கார்பன் பிரஷ் உண்டு, 153-இல் கிடையாது. பிரஷ் இல்லாத மோட்டார் சூடு குறைவாகும், ஒரே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும், பிரஷ் மாற்றும் செலவும் இல்லை. தினமும் எட்டு மணி நேரம் ஓட்டும் பிட்டருக்கு அந்தக் கூடுதல் விலை ஒரு வருடத்தில் திரும்பிவிடும். மாதம் இரண்டு நாள் எடுக்கும் கடைக்காரருக்குப் பிரஷ் வைத்த மிஷினே தாராளம்.

இப்போது கூரைக்கு வருவோம். திண்டுக்கல் நகரிலும், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கங்களிலும் கிட்டங்கி கட்டுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் கலர் ஷீட்தான் போடுகிறார்கள். ஷீட்டையும் கீழே உள்ள இரும்புச் சட்டத்தையும் தானே துளைத்துக்கொண்டு இறங்கும் ஸ்குரூவால் அது இணைக்கப்படுகிறது. 5.5 மி.மீ. கனம், 8 மி.மீ. அறுகோணத் தலை. தலைக்குக் கீழே ஒரு தகர வளையமும் அதனடியில் கறுப்பு ரப்பர் வாஷரும் இருக்கும். மழைத்தண்ணீரைத் தடுப்பது அந்த ரப்பர் ஒன்றுதான். வேறு எதுவும் கிடையாது.

அந்த ரப்பர் எவ்வளவு அழுந்த வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைவாக அழுந்தினால் தண்ணீர் இறங்கும். அளவாக அழுந்தினால் ரப்பர் தகர வளையத்தின் விளிம்புக்கு இலேசாகப் பிதுங்கி நிற்கும். கூடுதலாக அழுந்தினால் ரப்பர் பிய்ந்து வெளியே தள்ளிக்கொள்ளும், ஷீட்டும் ஸ்குரூவைச் சுற்றிக் கிண்ணம் போல் குழிந்துவிடும். தண்ணீர் தேங்குவதற்கு நாமே இடம் கட்டிக் கொடுத்தது போலாகும். அதனால் ஸ்குரூ தயாரிப்பாளர்கள் இந்த வேலைக்கு ஆழம் கணக்கிட்டு நிற்கும் முனை கொண்ட ஸ்குரூ கன்னைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். நடைமுறையிலோ இம்பாக்ட் டிரைவரைத் தூக்கிக்கொண்டு கூரையேறும் வேலையாள், அது தட்டத் தொடங்கிய பிறகும் விரலை எடுக்காமல் அடுத்த ஸ்குரூவைப் பையில் துழாவுகிறார். அந்த இரண்டு நொடியில் நூறு தட்டுக்கு மேல் விழுந்துவிடும். ரப்பர் எப்படிப் பிழைக்கும்?

இது உடனே தெரியாது. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் வீசும் காற்று ஷீட்டைத் தூக்கித் தூக்கிப் போடும். நசுங்கிய ரப்பர் அந்த அசைவில் மேலும் விலகும். ஐப்பசி மழை பிடித்த பிறகு, மிளகாய் மூட்டையிலோ பருப்பு மூட்டையிலோ ஒரு ஈரத் திட்டு தெரியும். மேலே பார்த்தால் ஓட்டை எதுவும் இருக்காது. ஸ்குரூ ஓரமாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். நமக்குத் தெரிந்த ஒரு மண்டியில் இப்படித்தான் நடந்தது. ஷீட் மட்டம் என்று ஷீட் விற்றவரிடம் தகராறு செய்து, கடைசியில் ஸ்குரூக்களைக் கழற்றிப் பார்த்தபோது பாதிக்குமேல் ரப்பரே இல்லை.

ஆகவே நீங்கள் மிஷின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கூரை போடும் அன்று ஒரு முறை ஏணியில் ஏறிப் பாருங்கள். முதல் பத்து ஸ்குரூவின் ரப்பரைப் பார்த்துவிட்டுச் சரியில்லையென்றால் அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள். ஸ்குரூ கன் இல்லாத பிட்டர், வளையம் உள்ள டிரில் டிரைவரால் செய்யலாம். இம்பாக்ட் டிரைவர்தான் இருக்கிறதென்றால், தட்டு விழத் தொடங்கியதும் விரலை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கையால் முடுக்கச் சொல்லுங்கள். சில உயர்ந்த மாடல்களில் தகர ஸ்குரூவுக்கென்றே ஒரு தனி நிலை உண்டு. அதில் வைத்தால் தட்டத் தொடங்கியவுடன் மிஷின் தானே வேகத்தைக் குறைத்துவிடும் அல்லது நின்றுவிடும். கூரை வேலையையே தொழிலாகக் கொண்டவர்கள் விலையைப் பார்க்காமல் அந்த வகையை வாங்குவது நல்லது.

பழைய கிட்டங்கிகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கும். அதன் மேல் இந்த மிஷினைக் கொண்டுபோகவே வேண்டாம். தட்டுத் தாங்காமல் ஷீட் கீறிவிடும். துளைக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஷீட்டின் மேல் கால் வைத்தால் ஆளே கீழே வந்துவிடுவார். அதற்கு ஜே போல்ட்டும், அனுபவமுள்ள ஆளும்தான் சரி.

சந்தடி சாக்கில் பூட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். நாகல் நகர்ப் பகுதிப் பட்டறைகளில் அரத்தால் ராவிச் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டை வாங்கி மாட்டுகிற நாம், பூட்டைத் தாங்கும் கொண்டியை எதனால் அடித்திருக்கிறோம்? பல கடைகளில் பின்கட்டுக் கதவின் கொண்டி வெளியே தலை தெரியும் நான்கு ஸ்டார் ஸ்குரூவில்தான் நிற்கிறது. முன்பெல்லாம் அதைக் கழற்ற ஸ்குரூ டிரைவருடன் ஒருவன் கால் மணி நேரம் நிற்க வேண்டும், யாராவது பார்த்துவிடுவார்கள். இப்போது உள்ளங்கை அளவு மிஷின் ஒன்றிருந்தால் நான்கு ஸ்குரூவும் அரை நிமிடத்தில் வந்துவிடும். பூட்டு பூட்டியபடியே கிடக்கும்! வெளிப்பக்கம் வழவழப்பான குமிழ்த்தலையும் உள்பக்கம் நட்டும் வருகிற போல்ட்டாக மாற்றிவிடுங்கள். செலவு ஒரு டீ, வடைக்கு மேல் ஆகாது.

பேட்டரிக்கு வருவோம். கடையில் 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று மூன்று விதமாக எழுதி வைத்திருப்பார்கள். மூன்றும் பெரும்பாலும் ஒன்றே. உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வரை ஏறும், ஐந்துக்கு 21. ஒருவர் சராசரியை எழுதுகிறார், மற்றவர் உச்சத்தை எழுதுகிறார். அதுபோலவே 10.8 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒன்றே. 48, 88 என்றெல்லாம் எண் போட்டு ஓர் ஆங்கில எழுத்தையும் சேர்த்து மலிவாக விற்கிறார்களே, அவற்றில் பலவற்றைத் திறந்து பார்த்தால் அதே ஐந்து செல் வரிசைதான். எடைக்கல்லில் ஒரு கிலோ என்று எழுதிவிட்டு 900 கிராம் வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்க மாட்டோமா?

பேட்டரியின் உண்மையான கொள்ளளவை அறிய வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்க வேண்டும். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36 வாட் மணி. 5 ஆம்பியர் மணி என்றால் 90. பெரிய பேட்டரியில் ஐந்துக்குப் பதில் பத்து செல் இருப்பதால் எடையும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கடை வேலைக்கு ஒரு பெரிய பேட்டரியைவிட இரண்டு சிறிய பேட்டரிகளே மேல் என்பது நமது அபிப்பிராயம். ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜ் ஆகும். ஒன்று கெட்டாலும் வேலை நிற்காது. தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் கைக்கும் நோகாது.

நம் ஊர் வெயிலை மிஷின் செய்தவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையோ என்று தோன்றும். மக்கிட்டாவின் கையேட்டில் 10 முதல் 40 டிகிரி வெப்பத்துக்குள் சார்ஜ் செய்யும்படி சொல்லியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழ் பகல் நேரத்தில் 40 டிகிரியில் நிற்குமா? கிட்டங்கியில் சார்ஜரை மாட்டிவிட்டு "விளக்கு எரிகிறது, ஆனால் ஏறமாட்டேன் என்கிறது" என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பேட்டரி ஆறும் வரை சார்ஜர் காத்திருக்கிறது, அவ்வளவே. காலையிலோ இரவிலோ, காற்றோட்டமான இடத்தில், சணல் சாக்கும் அட்டைப் பெட்டியும் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடுங்கள். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி வைத்திருந்தவர்கள், முழுவதும் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்பார்கள். லித்தியத்துக்கு அந்த வழக்கம் வேண்டாம். பாதியில் போட்டாலும் குற்றமில்லை. மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் செய்து வையுங்கள்.

ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் மிஷினில் ஏறாது. ஒரே நிறுவனத்திலும் ஏறாத வகை உண்டு: பாஷில் வீட்டு உபயோகத்துக்கான பச்சை நிற மிஷினின் பேட்டரி, தொழிலுக்கான நீல நிற மிஷினுக்குப் பொருந்தாது. எனவே இன்று வாங்குவது ஒரு டிரைவர் என்றாலும், நாளை டிரில், கட்டர், புளோயர் என்று எது சேர்ந்தாலும் அதே பேட்டரியில் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பேட்டரி இல்லாமல் மிஷினை மட்டும் வாங்கினால் கணிசமாக மிச்சமாகும். பேட்டரியின் மேல் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் பி.ஐ.எஸ். பதிவெண்ணும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டூப்ளிகேட் பேட்டரி கெட்டுப்போவதோடு நிற்காது, தீப்பிடிக்கவும் கூடும். மளிகைக்கடையில் எரிவதற்கா பொருள் இல்லை?

பில் விஷயத்தில் நம் ஆட்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் ஒரு கணக்கு. மிஷினின் அடிப்படை விலை ரூ. 10,000 என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து ரூ. 11,800. "பில் இல்லாமல் என்றால் 10,800-க்குத் தருகிறேன்" என்கிறார் கடைக்காரர். ரூ. 1,000 லாபம் போல் தெரிகிறது. ஆனால் வழக்கமான முறையில் வரி செலுத்தும் வணிகர், தொழிலுக்கு வாங்கிய மிஷினின் வரி ரூ. 1,800-ஐ வரவாக எடுத்துக்கொள்ள முடியும். ஆக, பில்லோடு வாங்கியவருக்கு அடக்கம் ரூ. 10,000, பில் இல்லாமல் வாங்கியவருக்கு ரூ. 10,800, அத்துடன் உத்தரவாதமும் கிடையாது. காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இந்த வரவு கிடையாது. ஆயினும் உத்தரவாதத்துக்காகவேனும் அவர்களும் பில் வாங்கத்தான் வேண்டும். சொந்தக் கட்டிடம் கட்டுவதற்கென்று வாங்கும் பொருட்களுக்கு வரவு எடுப்பதில் தடை இருப்பதால், கணக்கில் எப்படி எழுதுவது என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உத்தரவாதத்தைப் பற்றி இன்னொன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்குபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. தனியாளாகத் தொழில் செய்யும் பிட்டர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பத்து ஆள் வைத்து மண்டி நடத்துபவர் போனால் முதல் கேள்வியே அங்கேதான் எழும். எனவே சர்வீஸ் சென்டர் திண்டுக்கல்லிலேயே இருக்கிறதா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா, பேட்டரிக்குத் தனியாக எத்தனை மாத உத்தரவாதம் என்பதையெல்லாம் பணம் கொடுக்குமுன் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

மொத்தத்தில் யார் வாங்கலாம்? ரேக், கூரை, சோலார், மரச்சாமான் மாட்டும் வேலையைத் தொழிலாகச் செய்பவர்களும், அந்த வேலைக்கு ஆள் அனுப்பும் ஹார்டுவேர்க் கடைக்காரர்களும் தயங்காமல் வாங்கலாம். ஒரே ஒரு கடை வைத்திருக்கும் மளிகை வணிகருக்கு 12 வோல்ட் டிரில் டிரைவர் ஒன்று போதும்; வளையத்தைக் குறைவாக வைத்து ரேக், கீல், போர்டு எல்லாம் மாட்டிக்கொள்ளலாம். வருடத்தில் இரண்டு நாள் வேலைக்கு இம்பாக்ட் டிரைவர் வாங்குவது, கல்யாணத்துக்குக் கல்யாணம் பாத்திரம் வாங்குவது போலத்தான். அதற்கு வாடகைக் கடை இருக்கிறது.

வாங்குவதென்று முடிவு செய்தால், கடைக்குப் போகும்போது ஒரு சாண் இரும்புச் சட்டத் துண்டும், கூரை ஸ்குரூ நான்கும் எடுத்துச் செல்லுங்கள். ஓட்டிக் காட்டச் சொல்லி, பிறகு உங்கள் கையாலேயே ஓட்டிப் பாருங்கள். விசையை மெதுவாக அழுத்தினால் மெதுவாகச் சுற்றுகிறதா, விட்டவுடன் சட்டென்று நிற்கிறதா என்று கவனியுங்கள். சத்தம் 90 டெசிபலுக்கு மேல் வரும் என்பதால் காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் துகள் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் வேண்டும். அந்த நான்கு ஸ்குரூவில் நான்காவதிலாவது ரப்பர் அளவாகப் பிதுங்கி நின்றால், அந்த மிஷின் உங்கள் கைக்குப் படிகிறது என்று கொள்ளலாம்.